மொகாம்போவுக்கு முன்னால் 54 வருஷம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வில்லன் நடிகர்களைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையில் அம்ரிஷ் பூரிக்கும் அரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் அந்த அரைப் பக்கமும், ‘மிஸ்டர் இந்தியா’ என்ற இந்திப் படத்தில் அவர் செய்த வில்லன் மொகாம்போவில் ஆரம்பித்து மொகாம்போவிலேயே முடிந்துவிட்டது. 1987-இல் அந்தப் படம் வெளியானபோது அவருக்கு வயது 54. அதுவரை அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வரிகூட இல்லையே!

நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். பகலில் பம்பாய் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் வேலை, சாயங்காலம் ஒத்திகை என்று வருஷக்கணக்காக ஓடியிருக்கிறார். சத்யதேவ் துபே இயக்கிய நாடகங்களில்தான் அவர் பெரிய நடிகராக வளர்ந்தார். மோகன் ராகேஷின் ‘ஆதே அதூரே’வை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முடங்கிக் கிடக்கும் கணவன், மனைவியின் மேலதிகாரி, அவளுடைய பழைய சிநேகிதன், கணவனின் நண்பன் என்று நாலு பேரையும் ஒரே நடிகர்தான் செய்ய வேண்டும், நாடகம் எழுதப்பட்டதே அப்படித்தான். ஒரே ராத்திரியில், அதே பார்வையாளர்கள் முன்னால், நிற்பதிலும் பேசுவதிலும் நாலு ஆளாக மாறிக் காட்ட வேண்டும். துபேயின் தயாரிப்பில் அதைச் செய்தவர் அம்ரிஷ் பூரி. 1979-இல் சங்கீத நாடக அகாதமி விருது அவருக்குக் கிடைத்தது நாடக நடிப்புக்காக. ‘ஹம் பாஞ்ச்’ படம் வந்து இந்திப் படவுலகம் அவரை வில்லனாக வாரிக்கொண்டதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, சினிமாவையே பேசுவோம் என்றாலும் ஷியாம் பெனகலின் ‘பூமிகா’வை விட்டுவிட முடியுமா? அதில் பணக்கார நிலச்சுவான்தாராக வருவார். கதாநாயகி ஸ்மிதா பாட்டீல் அவர் வீட்டில் வசதியாகத்தான் இருப்பார், ஆனால் பக்கத்தில் நடக்கும் திருவிழாவுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போகக்கூட அனுமதி கிடையாது. அதை மறுக்க அந்த மனிதருக்குக் கத்தவோ மிரட்டவோ தேவையே இல்லை, நிதானமாகச் சொல்வதிலேயே நமக்கு மூச்சு முட்டுகிறது. என்னைக் கேட்டால் மொகாம்போவைவிட இவன்தான் பயங்கரமானவன். ஒரு கொடுமைக்காரனை இத்தனை அடக்கமாகச் செய்யும் தைரியம் அவருக்கு மேடையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

நம் ஆட்களுக்கு அவரை ‘தளபதி’யின் கலிவரதனாகத் தெரியும், ஸ்பீல்பெர்க் படத்தில் மொட்டைத் தலையோடு வந்ததும் தெரியும். அதையெல்லாம் குறைத்துச் சொல்லவில்லை, நானும் ரசித்தவன்தான். ஆனால் வில்லன் வேஷம் அவர் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் மாதிரியும், நாடகம் வெறும் காத்திருப்பு மாதிரியும் எழுதிவிட்டுப் போவது அவருக்குச் செய்கிற அநியாயம்.

துபே 2011-இல் போய்விட்டார். அந்த நாட்களில் பம்பாய் மேடையில் இருந்தவர்கள் சிலராவது இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் பேசி, அம்ரிஷ் பூரியின் நாடகங்களைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை போடுங்கள். இந்தத் தடவை அரைப் பக்கம் போதாது, நாலு பக்கமாவது வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்