பாட்டிலில் அடங்காத குற்றம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊக்கமருந்து பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். பிடிபட்ட வீரரின் பேராசையே எல்லாவற்றுக்கும் வேர் என்றும், பரிசோதனைகளைக் கூட்டினால் விளையாட்டு தூய்மையாகிவிடும் என்றும் எழுதியிருந்தீர்கள். போட்டிகளில் சிறுநீர் மாதிரி சேகரிக்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவள் நான். இந்த இரண்டு கருத்துகளையுமே என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த அறையில் நடப்பதைச் சொல்கிறேன். ஓடி முடித்து வரும் வீராங்கனையின் உடலில் நீர் வற்றியிருக்கும். குறைந்தது 90 மில்லி லிட்டர் வேண்டும் என்பதால், மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் குடித்தபடி ஒரு மணி நேரம், சில சமயம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு, பெண் அலுவலர் ஒருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்க, மாதிரியைத் தர வேண்டும். அதை அவரே இரண்டு பாட்டில்களில் பிரித்து ஊற்றி மூடுவார். கடைசியில் ஒரு படிவம் வரும். கடந்த ஏழு நாட்களில் உட்கொண்ட மருந்துகளையும் சத்து மாத்திரைகளையும் அதில் எழுத வேண்டும். பேனாவைக் கையில் எடுத்ததும் பலர் பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்ப்பார்கள். என்ன கொடுக்கப்பட்டது என்பது அவருக்குத்தான் தெரியும். மருந்தின் பெயரை அவர் சொல்ல, இவர் எழுதுவார். ஆனால் நாளை அந்தப் பாட்டிலில் தடைசெய்யப்பட்ட பொருள் ஏதேனும் இருப்பது தெரிந்தால், எப்படி வந்தது, யார் தந்தது என்ற கேள்விகளுக்கு முன்பாகவே குற்றம் வீராங்கனையின் பேரில் பதிவாகிவிடும். தன் உடலில் இருப்பதற்குத் தானே முழுப் பொறுப்பு என்பதுதான் விதி.

பயிற்சியாளர்களையும் மருத்துவர்களையும் தண்டிக்க விதி இல்லாமல் இல்லை. ஊக்கமருந்தைக் கொடுத்தவருக்கு ஆயுள் தடைகூட விதிக்கலாம். ஆனால் வீரருக்கு எதிராக அவருடைய சிறுநீரே சாட்சி சொல்லிவிடும். கொடுத்தவருக்கு எதிராக ஒரு மனிதர் வாய் திறந்தாக வேண்டும்.

அந்த வாய் ஏன் திறப்பதில்லை என்று பார்த்தால், பேராசை என்ற விளக்கம் போதாது என்பது புரியும். 1991-இல் ராபர்ட் ஹியூஸ், ஜே கோக்லி என்ற இரு சமூகவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். வலியைப் பொருட்படுத்தாதே, ஆட்டத்துக்காக எதையும் துற, உனக்கு எல்லையே இல்லை என்று சிறுவயது முதல் ஊட்டப்படும் பாடங்களை அளவுக்கு மீறிக் கடைப்பிடிப்பதாலும் வீரர்கள் விதியை மீறுகிறார்கள் என்பது அவர்களின் வாதம். காயத்தோடு ஓடினால் கைதட்டுகிறோம். வலிநிவாரண ஊசி போட்டுக்கொண்டு இறுதிப் போட்டியில் ஆடினால் வீரம் என்கிறோம். அந்தப் பாதையிலேயே இன்னும் சில அடி நடந்தவரை மட்டும் அயோக்கியர் என்கிறோம். நான் அறையில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அடங்காதவர்கள் அல்லர். சொன்ன சொல் தட்டாதவர்கள்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடிய கனடா வீரர் பென் ஜான்சனிடமிருந்து, ஊக்கமருந்து பிடிபட்டதால் சில நாட்களிலேயே பதக்கம் பறிக்கப்பட்டது. பின்னர் கனடா அரசு நீதிபதி சார்லஸ் டூபின் தலைமையில் அமைத்த விசாரணையில், பல ஆண்டுகளாகவே தன் வீரர்களுக்கு ஸ்டீராய்டு தரப்பட்டதைப் பயிற்சியாளர் சார்லி பிரான்சிஸ் ஒப்புக்கொண்டார். பயிற்சியாளர், மருத்துவர், வீரர் மூவரும் சேர்ந்து செய்த காரியம் அது. உலகம் நினைவில் வைத்திருப்பது ஒரு பெயரை மட்டும்.

பரிசோதனைகளைக் கூட்டுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் இ.பி.ஓ. என்ற மருந்தைக் கண்டறிய வழியில்லாத நாளில், 1997-இல், சைக்கிள் பந்தய உலகச் சங்கம் ஆண்களின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த வரம்பே பலருக்கு இலக்காகிவிட்டது. விடுதி அறையில் சிறு இயந்திரத்தை வைத்துத் தம் ரத்தத்தைத் தாமே சோதித்து, அளவு கூடினால் உப்பு நீரை ஏற்றி இறக்கிக்கொண்டார்கள். தனி ஒருவரால் ஆகக்கூடிய வேலையா இது? மறு ஆண்டே பிரான்ஸ்–பெல்ஜியம் எல்லையில் ஃபெஸ்டினா என்ற சைக்கிள் அணியின் உதவியாளர் ஒருவரின் கார் நிறைய மருந்தும் ஊசியும் பிடிபட்டன. பிடித்தவர்கள் சுங்க அதிகாரிகள், ஆய்வகம் அல்ல.

பெரிய ஊழல்கள் பலவும் இப்படித்தான் வெளிவந்தன. பால்கோ என்ற அமெரிக்க நிறுவனம் வீரர்களுக்கு ஊக்கமருந்து தந்த விவகாரம் 2003-இல் வெளிவர, பயிற்சியாளர் ஒருவர் அனுப்பிய ஒரு ஊசிக்குழாய் முக்கியக் காரணமானது. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு ‘டூர் டி பிரான்ஸ்’ பட்டங்களும் 2012-இல் பறிபோனதற்கு, கூடச் சைக்கிள் ஓட்டிய தோழர்களின் வாக்குமூலமே முக்கியக் காரணம். ஆகவே, இன்னும் ஆயிரம் பாட்டில்களை நிரப்புவதற்கு ஆகும் செலவில் ஒரு பங்கை, உண்மையைச் சொல்ல வருபவரின் வேலையையும் வாழ்வையும் காப்பதற்கு ஒதுக்க வேண்டும் என்று தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டுகிறேன். இன்று அப்படி வருபவருக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு யூலியா ஸ்டெபனோவா சாட்சி. ரஷ்யாவின் 800 மீட்டர் ஓட்டக்காரரான அவரும், அந்நாட்டு ஊக்கமருந்து தடுப்பு அமைப்பில் பணியாற்றிய அவர் கணவரும், 2014-இல் ஜெர்மன் தொலைக்காட்சியில் உள்ளதைச் சொல்லிவிட்டு நாட்டைவிட்டே வெளியேறினார்கள். ஊக்கமருந்துக்கான தடைக்காலத்தை 2016-க்குள் அவர் அனுபவித்து முடித்திருந்தார். ஆயினும் 2016 ரியோ ஒலிம்பிக்கில் நடுநிலை வீராங்கனையாக ஓட அனுமதி கேட்டபோது, அந்தப் பழைய தடையைக் காட்டியே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி மறுத்துவிட்டது. வேண்டுமானால் கணவரோடு வந்து விருந்தினராகப் போட்டிகளைப் பார்க்கலாம் என்று அழைப்பு மட்டும் விடுத்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகி