மருமகளுக்கு: ஆதாமும் நாசரேத் குகைப் பிள்ளையும்

அன்பு மருமகளுக்கு, மாமா எழுதுறது. ஸ்தோத்திரம்.

வாலிபர் கூட்டத்துல "பரிணாமத்தை நம்புறவங்க வேதத்தை மூடி வெச்சிடலாம்"னு பேசுனாங்க, ஹாஸ்டலுக்கு வந்து ஜூவாலஜி அசைன்மென்ட்ல ஆதி மனுஷன் பத்தி எழுத உட்கார்ந்தா கை ஓடலைன்னு வாய்ஸ் நோட் போட்டிருந்தே. வாட்ஸப்ல ரெண்டு வரில சொல்ற பதிலா இது? அதான் இங்க எழுதுறேன், உன்ன மாதிரி முழிக்கிற இன்னும் நாலு பேரு படிச்சா நல்லதுதானே.

மொதல்ல வேதத்தோட மொத புஸ்தகம் ஆதியாகமத்தையே எடு. 1ஆம் அதிகாரத்துல செடி கொடி மூணாம் நாள், சூரியன் நாலாம் நாள், மிருகமும் மனுஷனும் ஆறாம் நாள். 2ஆம் அதிகாரத்துல பார்த்தா மண்ணுல இருந்து மனுஷன் மொதல்ல, அப்புறம் தோட்டம், அப்புறம் மிருகங்கள், கடைசியா ஏவாள். ரெண்டு வரிசையையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சவங்களுக்கு அது ஒத்துப்போகலைன்னு தெரியாமலா இருந்திருக்கும்? தேதி வாரியா ரிப்போர்ட் எழுதுறது அவங்க நோக்கமா இருந்தா ஒண்ணை அடிச்சிருப்பாங்க. சில பேரு ஒரு நாள்னா ஒரு யுகம்னு சொல்லி சயின்ஸோட ஒட்டப் பார்ப்பாங்க, எனக்கு அதுல இஷ்டமில்ல, சூரியனே இல்லாம ஒரு யுகம் பூரா மரம் எப்படி நின்னுச்சுன்னு உங்க பாட்டனி மேடம் கேட்டா என்ன சொல்லுவே.

அந்தக் காலத்துல பாபிலோன்காரங்க சூரியனையும் சந்திரனையும் சாமியா கும்பிட்டாங்க, தெய்வங்களோட வேலைச் சுமையைத் தூக்கத்தான் மனுஷனைப் படைச்சதுன்னு கதை சொன்னாங்க. ஆதியாகமம் அந்த ரெண்டு சாமியையும் வெறும் வெளக்காக்கி வானத்துல மாட்டிட்டு, மனுஷனைத் தேவசாயல்னு சொல்லுது. அது போட்ட சண்டை அங்க, டார்வின்கிட்ட இல்ல. உலகத்துக்கு 6,000 வருஷம்னு சொல்றாங்களே அதுவும் வேதத்துல எழுதியிருக்கறது இல்ல, அயர்லாந்து பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650ல வம்சாவளியை எல்லாம் கூட்டி, படைப்பு கி.மு. 4004ன்னு போட்டாரு, அந்த மாதிரி கணக்குல இருந்து வந்ததுதான்.

இன்னொண்ணு, ஆதாம் ஏவாளோட மூத்த மகன் காயீன். தம்பி ஆபேலைக் கொன்னுட்டு, என்னைப் பார்க்கிறவன் எவனும் கொன்னுடுவானேன்னு அழறான். யாரு பார்ப்பா? அப்பாவும் அம்மாவும்தானே இருக்காங்க? அப்புறம் நோத் தேசத்துக்குப் போறான், பொண்டாட்டி இருக்கா, பட்டணம் வேற கட்டுறான். தங்கச்சியைக் கட்டிக்கிட்டான்னு சண்டே ஸ்கூல்ல சொல்லிச் சமாளிப்பாங்க, சரி, பட்டணம் யாருக்கு? ஏதேன் தோட்டத்துக்கு வெளியில வேற ஜனம் இருந்த மாதிரிதான் அந்தக் கதையே நடக்குது.

இப்ப உன் சிலபஸுக்கு வா. மொராக்கோவுல ஜெபெல் இர்ஹூத்ங்கற இடத்துல கிடைச்ச நம்ம மனுஷ இனத்து எலும்புக்கு சுமார் 3 லட்சம் வருஷம். ஆப்பிரிக்காவுக்கு வெளியில பரவுன நம்ம எல்லாரோட டிஎன்ஏலயும் அழிஞ்சு போன இன்னொரு மனுஷ இனமான நியாண்டர்தாலோட பங்கு 1, 2 சதவீதம் இருக்கு, ஸ்வாந்தே பேபோங்கற விஞ்ஞானிக்கு 2022ல நோபல் கிடைச்சது இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான். ஜீன் கணக்குப்படி நம்ம மூதாதையர் கூட்டம் ஆயிரக்கணக்குல இருந்திருக்கு. அம்மாகிட்ட இருந்து மட்டும் வர்ற மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை வெச்சு "மைட்டோகாண்ட்ரியல் ஏவாள்"னு 1987ல ஒரு பேச்சு கிளம்புச்சு, அதை வேதத்துக்கு ஆதாரம்னு மேடையில சொல்றவங்களை நம்பாதே, அவ அன்னைக்கு உயிரோட இருந்த ஒரே பொம்பளை இல்ல, அம்மா வழி மட்டும் அறுந்து போகாம அவகிட்ட போய் முடியுது, அவ்ளோதான். அப்ப ஆதாம்? அந்தக் கூட்டத்துல இருந்து தேவன் கூப்பிட்ட ஒருத்தன்னு சிலர் சொல்றாங்க, மனுஷகுலத்துக்கே ஒரு உருவகம்னு சிலர். நான் மொத பக்கம் சாயுறேன், காயீன் கதைதான் காரணம்.

எனக்கு இதுல தூக்கம் கெடுத்த விஷயம் வேற. நாசரேத்துக்குப் பக்கத்துலயே கஃப்சேன்னு ஒரு குகை. 90,000 வருஷத்துக்கும் மேல இருக்கும், அங்க 12, 13 வயசுப் பிள்ளையைப் பொதைச்சிருக்காங்க, நெஞ்சுமேல கைகிட்ட மான் கொம்பு வெச்சிருக்காங்க. மண்டை ஓட்டை ஸ்கேன் பண்ணிப் பார்த்தா சின்ன வயசுலயே தலையில பலமான அடி, ஆனா அதுக்கப்புறமும் பல வருஷம் வாழ்ந்திருக்கு, பேச்சும் நடத்தையும் சரியா இருந்திருக்காதுன்னு ஆராய்ஞ்சவங்க சொல்றாங்க. வேட்டையாடித் திங்கிற கூட்டம், அதுக்கு நடுவுல அப்படி ஒரு பிள்ளையை வெச்சுக் காப்பாத்தி, செத்ததும் கொம்பு வெச்சு அனுப்பியிருக்காங்கன்னா ஆதாமுக்குள்ள தேவன் ஊதுன அந்த ஜீவசுவாசம் அவங்களுக்குள்ள ஊதப்படலைன்னு என்னால சொல்ல முடியாது. எந்த நாள்ல ஊதுனாருன்னு எலும்பு சொல்லாது, ஆதியாகமமும் சொல்லல.

அசைன்மென்ட்டை உங்க புக்குல இருக்கறபடியே ஒழுங்கா எழுது, மார்க்கை விட்டுடாதே. பல்லாவரத்துல 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கற பிரிட்டிஷ் புவியியல்காரர் கற்கால ஆயுதம் கண்டுபிடிச்சதையும் சேர்த்துக்கோ, அவரோட மாமனார் யாரு தெரியுமா, ஆறுமுக நாவலரை வெச்சுக்கிட்டு பைபிளைத் தமிழ்ல பெயர்த்த பெர்சிவல் ஐயர்! கல்லைத் தேடுன மாப்பிள்ளை, வேதம் எழுதுன மாமா, ஒரே வீடு. ஃபூட் சேர்த்த கல்லுங்க சென்னை எழும்பூர் மியூசியத்துல இருக்கு, கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தா போய்ப் பார்ப்போம், கூட்டத்துல பேசுன அந்த அண்ணன் வர்றேன்னா அவரையும் கூட்டிட்டு வா, டிக்கெட் நான் எடுக்குறேன்.

அன்புடன்,
மாமா