அம்மா எந்த மொழியில் திட்டினாள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேறு நாட்டில் குடியேறிய குடும்பங்களைப் பற்றிய கதைகள் குறித்து சென்ற ஞாயிறு இலக்கியப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தக் கதைகள் எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை, பெற்றோர் பழசைக் கட்டிக்கொண்டு அழுவார்கள், பிள்ளைகள் இரண்டுங்கெட்டானாகத் தவிப்பார்கள், கடைசியில் ஒரு சாவோ கல்யாணமோ வந்து எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிடும் என்று கட்டுரையாளர் சலித்துக்கொண்டிருந்தார். சலிப்பு எனக்கும் உண்டு. ஆனால் அவர் சொன்ன காரணம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. சொல்ல வேண்டிய கதை தீர்ந்துபோய்விட்டது என்கிறார். கதை தீரவில்லை. அதில் வருகிறவர்கள் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதை எழுதுகிறவர்கள் யோசிப்பதில்லை, அதுதான் கோளாறு.

நான் 22 வருடம் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்தவள். மொழிபெயர்ப்பு நாவல்கள்தான் பெரும்பாலும் என் மேசைக்கு வரும். மூலத்தைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுகிற பொறுமை அங்கே வேறு யாருக்கும் கிடையாது என்பதைத் தவிர அதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அப்படி வந்தவற்றில் குடியேறிய குடும்பக் கதைகள் நிறைய. ஆங்கிலத்தில் படிக்கும்போது வழுக்கிக்கொண்டு போகிற பக்கம், தமிழுக்கு வந்ததும் கல்லும் முள்ளுமாகிவிடும். 'ஆன்ட்' என்று இருக்கும். அத்தையா, சித்தியா, பெரியம்மாவா, மாமியா? நாற்பது பக்கம் தள்ளிப் போய்த் தேடினாலும் அவள் அப்பாவுக்குத் தங்கையா அம்மாவுக்குத் தங்கையா என்று இருக்காது. பென்சிலால் வட்டம் போட்டுக் கேள்விக்குறி வைப்பேன். மொழிபெயர்த்தவர் கூப்பிட்டு, "எழுதினவங்களுக்கே தெரியாதும்மா, நீங்களே ஒண்ணு போட்டுக்குங்க" என்பார். பெரியம்மாவைப் போட்டால் ஒரு குடும்பம், அத்தையைப் போட்டால் இன்னொரு குடும்பம். அதை நானா முடிவு செய்வது?

இன்னொரு வேடிக்கை. நம்மவர் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது, நம் சொல் ஒன்று வந்தால் அடுத்த வரியிலேயே அதற்கு விளக்கம் வைத்துவிடுவார்கள். அதை அப்படியே தமிழாக்கினால் என்ன ஆகும்? "'அக்கா' என்று கூப்பிட்டாள். அது மூத்த சகோதரியை அழைக்கும் சொல்" என்று ஒரு தமிழ் நாவலில் வரி நிற்கும். நான் அடித்துவிடுவேன். அடித்த பிறகு யோசிப்பேன்: இந்த அக்காவும் தங்கையும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது பக்கத்தில் மூன்றாவதாக ஓர் ஆள் நின்றிருக்கிறான், அவனுக்காகத்தான் இந்த விளக்கம். குடும்பம் தன் வீட்டுக்குள்ளேயே விருந்தாளி முன்னால் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருக்கிறது. பிறகு கதை எங்கே உண்மையாக இருக்கும்?

மேசையில் எனக்கு மறக்கவே மறக்காத பக்கம் ஒரு சண்டைக் காட்சி. நாவலின் பெயர் வேண்டாம், இன்னும் விற்பனையில் இருக்கிறது. மகளுக்கு இருபது வயசு. அப்பாவோடு கத்திக் கத்திச் சண்டை. அவள் பேச்சில் 'யூ' மட்டும் பத்துப் பன்னிரண்டு தடவை. தமிழில் அது 'நீங்க'வா, 'நீ'யா? அப்பாவை நீங்க என்று கூப்பிட்டு வளர்ந்த பெண், ஆத்திரத்தில் எந்த வரியில் 'நீ'க்கு இறங்குகிறாள்? இறங்குகிறாளா, அல்லது இறங்க முடியாமல் நீங்க நீங்க என்றே கத்தித் தீர்க்கிறாளா? தமிழ் வீட்டில் அந்த ஒரு எழுத்துக்காக இரண்டு மாதம் பேசாமல் இருப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் முதலிலிருந்து கடைசி வரை 'நீங்கள்' போட்டிருந்தார். கேட்டேன். "அவங்க இங்கிலீஷ்லதானே சண்டை போடறாங்க?" என்றார். அப்பாவும் ஆங்கிலத்திலா பதில் சொல்கிறார் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் பதில்கள் எல்லாம் மூன்று சொல், நான்கு சொல். மகள் பத்தி பத்தியாகப் பேசுகிறாள். மனிதர் இறுகிய பேர்வழி என்றுதான் வாசிக்கிற எல்லாருக்கும் தோன்றும். பாவம், அவருக்கு அந்த மொழி அவ்வளவுதான் தெரியும் என்று ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை? அதே சண்டை அவருடைய மொழியில் நடந்திருந்தால் பத்தி பத்தியாகப் பேசியிருப்பது அவர். திக்கித் திணறியிருப்பது மகள்.

என் குறை இதுதான். இந்தக் கதைகளைப் பெரும்பாலும் எழுதுகிறது பிள்ளைகள். எழுதுவது பிள்ளைகளுக்குச் சரளமான மொழி. அதனால் அப்பாவும் அம்மாவும் பக்கத்துக்கு வரும்போதே பாதி ஊமையாக வருகிறார்கள். அப்புறம், அவர்கள் பழசை விடமாட்டார்கள், மனம் திறந்து பேசமாட்டார்கள் என்று அவர்கள்மேல் பழி வேறு. பேச விட்டால்தானே?

இதைச் சரியாகச் செய்து காட்டியவர் ஒருவர் 1934இலேயே இருந்தார் என்பதைக் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம். ஹென்றி ராத் எழுதிய 'கால் இட் ஸ்லீப்'. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் போன யூதக் குடும்பம், அப்பா, அம்மா, ஒரு சின்னப் பையன். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது இத்திஷ் மொழி. அந்தப் பேச்சை ராத் நல்ல, நிறைவான, கவிதை மாதிரியான ஆங்கிலத்தில் எழுதினார். பையன் தெருவில் இறங்கி மற்ற பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசுகிறானே, அதைத்தான் உடைத்து, சிதைத்து, காதில் விழுகிறபடி எழுதினார். அம்மா வீட்டில் ராணி மாதிரி பேசுவாள். வாசலைத் தாண்டி வந்து ஆங்கிலத்தில் வாயைத் திறந்தால் அவளே தட்டுத்தடுமாறும் ஒரு பெண். ஒரே ஆள்தான். பையனுக்கு இரண்டு அம்மாவும் தெரியும், நமக்கும் தெரியும். அந்தப் புத்தகம் முப்பது வருடம் போல ஆள் சீந்தாமல் கிடந்து, 1964இல் மலிவுப் பதிப்பாக வந்த பிறகுதான் லட்சக்கணக்கில் விற்றது என்பது வேறு கதை.

டிரினிடாடிலிருந்து லண்டன் போன சாம் செல்வன் செய்தது இன்னொரு வழி. ('செல்வன்' என்றதும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். அவருடைய அப்பா வழி சென்னைப் பக்கத்து வேர் என்பார்கள், ஆனால் அவர் எழுதியது கரீபியத்து ஆளாகத்தான்.) 1956இல் வந்த 'தி லோன்லி லண்டனர்ஸ்' நாவலை முதலில் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்திருக்கிறார், நகரவில்லை. தன் ஜனங்கள் பேசுகிற பேச்சிலேயே கதை சொல்கிறவனையும் பேச வைத்ததும் ஓடத் தொடங்கிவிட்டது. அது குடும்பக் கதை இல்லை, பெரும்பாலும் ஒண்டியாக வந்த ஆண்களின் கதை. ஆனாலும் அதில் யாரும் திக்கவில்லை. கதை சொல்கிறவனும் அவர்களைப் போலவே பேசுகிறானே.

சரி, ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? நாம் என்ன வாழ்கிறது? தமிழில் வருகிற இதே மாதிரிக் கதைகளில் பேரப்பிள்ளை என்று ஒன்று வந்தால் உடனே "டாட்டா, எனக்கு டமில் டெரியாது" என்று பேச வைத்துவிடுகிறோம். தாத்தாவுக்கு மட்டும் வார்த்தைக்கு வார்த்தை பழமொழி. அந்தக் குழந்தை அதனுடைய மொழியில் வகுப்பில் எழுந்து நின்று வாதாடுகிற குழந்தையாக இருக்கும். நம் பக்கத்தில் அது கோமாளி. பழிக்குப் பழி மாதிரி இருக்கிறது.

இதையெல்லாம் மெய்ப்புத் தாளில் மட்டும் பார்த்தவள் இல்லை நான். போன வருடம் வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டில் நாலு மாதம் இருந்தோம், நானும் வீட்டுக்காரரும். அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடையில் விட்டால் மைக்கைப் பிடுங்கித்தான் இறக்க வேண்டும். ஒருநாள் நெஞ்சில் என்னவோ செய்கிறது என்றார். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். பள்ளி விடுமுறையில் வீட்டில் இருந்த பதினொரு வயசுப் பேத்திதான் கூட வந்தாள், பேச்சுத் துணைக்கு. டாக்டர் கேட்டார், அவள் தமிழில் சொன்னாள். இவர் நிதானமாக, "நெஞ்சுக்குள்ள யாரோ நாற்காலிய இழுத்து இழுத்துப் போடற மாதிரி இருக்கு, உக்காரவும் மாட்டேங்கறான், எழுந்து போகவும் மாட்டேங்கறான்" என்றார். எனக்கு அந்த பயத்திலும் சிரிப்பு வந்தது. பேத்தி டாக்டரைப் பார்த்தாள், தாத்தாவைப் பார்த்தாள், ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் முடித்தாள். நெஞ்சு வலி. டாக்டர் எங்கே, எப்படி என்று நேராக இவரிடமே கேட்க, இவர் கையை நெஞ்சில் வைத்து, "பெயின். ஸ்மால் பெயின்" என்றார். அவ்வளவுதான். முப்பது வருடம் வகுப்பைக் கட்டிப் போட்ட மனிதர் மூன்று சொல்லாகச் சுருங்கியதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தேன். (பயப்பட ஒன்றுமில்லை, வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.)

சீனாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களின் மகளான எழுத்தாளர் எமி டான் 1990இல் எழுதிய கட்டுரை ஒன்றில், சின்ன வயதில் தான் தொலைபேசியில் அம்மா மாதிரி நடித்துப் பேச வேண்டியிருந்ததைச் சொல்லியிருப்பார். அம்மாவின் ஆங்கிலத்தை மதித்து யாரும் பதில் சொல்லமாட்டார்களாம். அதைப் படித்தபோது என்னவோ சீனக் குடும்பத்துச் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அன்றைக்கு அந்த அறையில்தான் அது என் மண்டைக்குள் இறங்கியது.

நாங்கள் திரும்பி வந்த பிறகு பேத்தி பள்ளியில் ஒரு கதை எழுதி, மகள் அதை எனக்கு அனுப்பினாள். குடும்பக் கதை, தாத்தா வேறு நாட்டிலிருந்து வருகிறார், ஆஸ்பத்திரி. நன்றாகவே எழுதியிருந்தாள், பழக்கதோஷத்தில் இரண்டு இடத்தில் நிறுத்தக்குறி திருத்தினேன். ஆனால் அதில் தாத்தா கடைசி வரை இரண்டு சொல், மூன்று சொல்லில்தான் பேசுகிறார். வீட்டிலும் அப்படித்தான், பேத்தியிடமும் அப்படித்தான்.

போனில் கேட்டேன், "தாத்தா உன்கிட்ட இப்படியாடி பேசினார்?"

"இல்ல பாட்டி. தமிழ்ல பேசினார்."

"அப்புறம்?"

"கதை இங்கிலீஷ்லதானே?"

அவள் கேட்டதில் தப்பில்லை. நான் கேட்டதையும் அவளுக்குப் புரிகிற மாதிரி விளக்க எனக்கு அரைமணி நேரமாயிற்று. தாத்தா தமிழில் சொன்னது அத்தனையையும் உனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில் எழுது, டாக்டரிடம் அவரே பேசினாரே அதை மட்டும் அப்படியே விடு என்றேன். "அப்போ தாத்தா ரெண்டு பேர் மாதிரி இருப்பாரே" என்றாள். இருக்கட்டும் என்றேன். ராத் பெயரைச் சொல்லவில்லை. பதினொரு வயசுக்கு அந்தப் புத்தகம் ஆகாது.

மூன்று நாள் கழித்து, அங்கே ராத்திரி, இங்கே விடிகாலை, போன் அடித்தது. வணக்கம், சௌக்கியம் எதுவும் இல்லை. "பாட்டி, தாத்தா நாற்காலினு சொன்னார் இல்ல, அது மர நாற்காலியா பிளாஸ்டிக்கா? சத்தம் வேற வேற மாதிரி வரும்."

தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மரம். ஒரு கால் குட்டைனு சொல்லு."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர், உங்கள் நெடுநாள் வாசகி