அண்ணே, அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு?

அண்ணே,

எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் பழைய நம்பருக்கு மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், வேறு யாரோ எடுத்தார்கள். நம் பழைய ஆட்களில் ஒருவர் படித்தால்கூடப் போதும், எப்படியும் உங்கள் காதில் போட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் எல்லோரும் பார்க்கும்படியே எழுதுகிறேன். உங்கள் பெயரை எழுதவில்லை. நம் மிஷின் ஷாப்பில் "அண்ணே" என்று குரல் கொடுத்தால் யார் திரும்பிப் பார்ப்பார் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

போன வாரம் இங்கே ஒரு வெண்கல புஷ் வேலை வந்தது, ஷாஃப்ட் என்கிற தண்டு உள்ளே சுற்றுவதற்கான குழல். புதிதாகச் சேர்ந்த பையன் டிராயிங்கில் இருந்த அளவுக்கு அப்படியே உள்ளே குடைந்து, அளந்து பார்த்து, அது உட்காரும் ஹவுசிங்கில் வைத்து பிரஸ்ஸில் இறக்கிவிட்டான். அப்புறம் ஷாஃப்டை நுழைத்தால் போகவில்லை. "வெளியே இருக்கும்போது சரியாத்தானே சார் இருந்துச்சு" என்று என் முன்னால் வந்து நிற்கிறான், முகத்தில் ரத்தமே இல்லை. இறுக்கி இறக்கினால் புஷ் நெருக்கப்பட்டு உள் விட்டம் சுருங்கும், அதை முன்கூட்டியே கணக்கில் வைத்துப் பெரிதாகக் குடைய வேண்டும் என்று சொன்னேன். எவ்வளவு சார் பெரிதாக என்று கேட்டான். நியாயமான கேள்வி. வீட்டுக்கு வந்து உங்கள் டைரியை எடுத்தேன்.

ஆமாம், அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சட்டைப் பையில் கொள்ளும் அந்தச் சின்ன டைரி. கடைசி நாளன்று என் கையில் திணித்துவிட்டு, "காப்பி பண்ணிட்டுக் குடு" என்று சொல்லிப் போனீர்கள். காப்பி பண்ணவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் கீழ் ஓரத்திலும், புரட்டுகிற இடத்தில், உங்கள் கட்டைவிரல் ரேகை எண்ணெய்க் கறையாகப் பதிந்திருக்கிறது. முதல் பக்கங்களில் ரேகை தெளிவாக இருக்கிறது, போகப் போகத் தேய்ந்து வெறும் கறுப்பு வட்டமாகிவிடுகிறது. அந்தக் கறையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் அண்ணே. இந்தக் கடிதம் அங்கேதான் ஆரம்பித்தது.

நான் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? கடைசல் மிஷினான லேத்தைத் தொடவே விடவில்லை நீங்கள். கடைகிற ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் சக்கை இறுக்குகிற சக் கீயை என் கையில் கொடுத்து, ஜாப்பை இறுக்கு, கீயை எடு, கழற்று, கீயை எடு என்று மத்தியானம் வரை அதையே செய்ய வைத்தீர்கள். கீ சக்கில் இருக்கும்போது அதை விட்டுக் கை விலகக்கூடாது, அவ்வளவுதான் பாடம். எனக்குக் கோபம். டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவனிடம் இதென்ன விளையாட்டு என்று. இரண்டு மாதம் கழித்து, நைட் ஷிஃப்டில் அடுத்த வரிசையில் ஒருவர் கீயை மறந்து சுவிட்சைப் போட, அது பறந்துபோய்த் தகரக் கதவைக் கிழித்துக்கொண்டு வெளியே விழுந்தது. நல்லவேளை, அந்தப் பக்கம் யாரும் இல்லை. நீங்கள் வந்து அந்த ஓட்டையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், ஒரு வார்த்தை சொல்லாமல் உங்கள் மிஷினுக்குத் திரும்பிப் போய்விட்டீர்கள். அன்றைக்கு விழுந்த பழக்கம், இன்று வரை என் கை கீயை எடுக்காமல் சக்கை விட்டு வந்ததில்லை.

அப்புறம் அந்தப் பன்னிரண்டு ஷாஃப்டுகள். எத்தனை பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பேரிங் உட்காரும் இடம் 50 மில்லிமீட்டர், மேல் பக்கம் ஒன்றும் கூடாது, கீழ்ப் பக்கம் 16 மைக்ரான் வரை குறையலாம், மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவசர ஆர்டர், சாணை வீலில் தேய்த்து முடிக்கும் கிரைண்டிங்குக்கு அனுப்ப நேரமில்லை, லேத்திலேயே முடிக்கச் சொல்லிவிட்டார்கள். நான் வேகவேகமாக ஓட்டி, கடைசி கட் முடிந்த கையோடு மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தால் கச்சிதமாக 50. அடுத்தது, அடுத்தது என்று பன்னிரண்டையும் முடித்து அடுக்கிவிட்டேன். காலையில் இன்ஸ்பெக்‌ஷனில் பன்னிரண்டும் அளவு குறைவு. நான் மைக்ரோமீட்டரைக் குறை சொன்னேன். இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர் தப்பாக அளக்கிறார் என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

சூப்பர்வைசர் வந்து கத்த ஆரம்பித்தபோது, "நான்தான் இவனுக்குச் சரியாச் சொல்லிக் கொடுக்கலை, என் பேர்ல எழுதிக்குங்க" என்றீர்கள். ஸ்கிராப் ரிப்போர்ட்டில் உங்கள் கையெழுத்துதான் விழுந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அப்படி ஒரு ரிப்போர்ட்டைப் பார்க்காத கை அது என்று ஸ்டோரில் பேசிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அந்தப் பன்னிரண்டில் ஒன்றை மறுபடி சக்கில் கட்டி, வேறொரு இடத்தில் கட் எடுத்து, சூடாக இருக்கும்போதே என்னை அளக்கச் சொன்னீர்கள். எழுதிக்கொள் என்றீர்கள். பிறகு கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனோம். ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் 17 மைக்ரான் காணோம். எங்கே போச்சு என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் சொன்னீர்கள்: எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்குப் பதினொன்றரை மைக்ரான் போல நீளும், ஷாப்பின் சூட்டை விட ஜாப் 30 டிகிரி கூடுதலாக இருந்தால் இந்த 50 மில்லிமீட்டரில் 17 மைக்ரான், நமக்குக் கொடுத்த இடமே 16 மைக்ரான்தானே என்று. நீ அளந்தது ஷாஃப்டை இல்லைடா, சூட்டை என்றீர்கள். டிராயிங்கில் இருக்கிற அளவெல்லாம் 20 டிகிரிக்கு உண்டானது, 1931-லேயே உலகம் முழுக்க அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள் என்பதையெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். உங்களிடம் முதலில் விரல் கற்றது, புத்தகம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

மற்றவர்களையும் நினைத்துக்கொண்டேன். கிரைண்டிங்கில் நின்ற அந்த மெலிந்த மனிதர், புது வீல் மாட்டும் முன் அதை விரலில் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் தட்டிக் காதைக் கொடுப்பாரே. மணி மாதிரிக் கணீரென்று கேட்டால் மாட்டுவார், தட்டையாகக் கேட்டால் விரிசல் என்று அந்த இடத்திலேயே உடைத்துப் போட்டுவிடுவார், இன்னொருத்தர் எடுத்து மாட்டிவிடக் கூடாதாம். அவ்வளவு நுணுக்கமான காது. கடைசி வருஷங்களில் அந்தக் காதே போய்விட்டது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் என்பதே விளிம்பு என்கிறார்கள், அவர் நின்ற இடத்தில் பக்கத்தில் நிற்பவரோடு கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. நாம் அவரிடம் பேசும்போது உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசிப் பழகியிருந்தோம். அவருக்குக் கேட்கவில்லை என்பதையே நாம் கவனிக்காமல் போனதற்கு அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. பஞ்சு அடைக்கக்கூட யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஸ்டோரில் இருந்த அக்காவை மறந்திருக்க மாட்டீர்கள். டிரில் பிட்டின் தண்டில் எழுத்து அழிந்திருந்தால் நாமெல்லாம் வெர்னியரைத் தேடுவோம், அவர் இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்து ஆறரை, ஆறே முக்கால் என்பார், அளந்தால் அதேதான். அவர் இப்போது ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் இருப்பதாகக் கேள்வி. இன்ஸ்பெக்‌ஷன்காரர் சொந்தமாக ஒரு பழைய லேத் வாங்கிப் போட்டு ஜாப் வொர்க் எடுத்துச் செய்கிறார். கிரேன் ஓட்டியவர் டாக்ஸி ஓட்டுகிறார். மற்றவர்கள் எங்கே என்று தெரியவில்லை, விசாரிக்காமல் விட்டது என் தப்பு.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதைத்தான் இத்தனை வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் சி.என்.சி. மிஷின் வந்தபோது ட்ரெயினிங்குக்கு எங்களைப் போன்ற சின்னப் பசங்களைத்தான் அனுப்பினார்கள். உங்களைக் கேட்கவே இல்லை. திரும்பி வந்து நான் முதலில் எழுதிய புரோகிராம் அந்த நீள ஷாஃப்டுக்கு, மெல்லிசாக ஒரு ஆள் உயரத்துக்கு இருக்குமே, அது. கையேட்டில் போட்டிருந்தபடியே சுற்றும் வேகமும், உளி நகரும் வேகமான ஃபீடும் கொடுத்தேன். ஓட்டினால் ஷாப் முழுக்க அலறல், ஜாப் மேல் மீன் செதில் மாதிரி கோடு கோடாக விழுந்தது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் நீங்களாகவே வந்தீர்கள். ஜாப்பின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். "ஸ்பீடை இறக்கு. இன்னும். இன்னும் கொஞ்சம். இப்ப ஃபீடை ஏத்து. பயப்படாத, ஏத்து." 420-ல் இருந்து 360-க்கு இறங்கியதும், அடைத்த காது திறந்த மாதிரி சத்தம் நின்றது. சீவிய உலோகச் சுருள் ஒரே சீராக வந்து விழுந்தது. கையை எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அப்படி எத்தனை தடவை? டைரியைப் பார்த்துச் சொன்னது, காதால் கேட்டுச் சொன்னது, சுருளின் நிறத்தைப் பார்த்துச் சொன்னது என்று குறைந்தது முப்பது ஜாப்பாவது இருக்கும்.

புரோகிராமின் தலையில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதுவோம். மிஷின் அதைப் படிக்காது, மனுஷன் படிப்பதற்காக எழுதுவது. அந்த முப்பதிலும் அந்த வரியில் என் பெயர் மட்டும்தான் இருந்தது.

ஒரு நாள் மீட்டிங்கில் பெரிய ஆட்கள் எல்லாம் இருந்தார்கள். நேரம் இவ்வளவு குறைந்திருக்கிறதே, இந்த அளவுகளை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார்கள். "ட்ரை பண்ணிப் பார்த்து வந்ததுதான் சார்" என்றேன். அந்த ஒரு வாக்கியம்தான். மூன்று மாதத்தில் ஆட்குறைப்புப் பட்டியல் வந்தது, கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் என்று ஒரு வரிசை போட்டிருந்தார்கள், அதில் நீங்கள். அன்றைக்கு நான் உங்கள் பெயரைச் சொல்லியிருந்தால் பட்டியல் மாறியிருக்குமா என்றால், மாறாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த அறையில் இருந்தவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரிந்திருக்கும். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான், நான் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள் அண்ணே.

அமெரிக்காவில் 1940-களின் கடைசியில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஒரு மாதிரி மிஷின் செய்தார்கள் என்று கொஞ்ச நாள் முன்னால் படித்தேன். கை தேர்ந்த ஒரு தொழிலாளி முதல் ஜாப்பைச் செய்வார், அவர் கை அசைவு முழுக்க காந்த நாடாவில் பதிவாகும், அடுத்த ஜாப்பை மிஷின் அந்த நாடாவைக் கேட்டுச் செய்துவிடும். அது பெரிதாக எடுபடவில்லை. 1952-ல் அங்கேயே எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் எண்களைக் கொடுத்து ஓட்டும் மில்லிங் மிஷினைக் காட்டினார்கள், தொழிலே அந்தப் பக்கம் போய்விட்டது. அந்த நாடாவைப் பற்றிப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. நம் ஷாப்பில் அந்த நாடா நான்தான். நீங்கள் கையை வைத்தீர்கள், நான் பதிந்துகொண்டேன், அப்புறம் உங்களைத் தேவையில்லை என்று சொன்னார்கள்.

அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கும். மிஷின்களை ஏலம் போட்டார்கள். உங்கள் லேத்தின் மேல் சாக்பீஸால் ஒரு லாட் நம்பர் எழுதியிருந்தது. நீங்கள் இடது கையை ஊன்றிக்கொள்கிற இடத்தில் பெயின்ட் போய் உள்ளங்கை அளவுக்கு வார்ப்பிரும்பு பளபளவென்று இருந்தது. வாங்கியவர் அதற்கும் சேர்த்துப் புதுப் பெயின்ட் அடித்திருப்பார்.

அந்த முப்பது புரோகிராம்களின் காப்பி என்னிடம் ஒரு பழைய டிஸ்க்கில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து அடைப்புக்குறிக்குள் உங்கள் பெயரை எழுதினேன், எது டைரியில் இருந்து வந்தது, எது உங்கள் கை சொன்னது என்பதையும் சேர்த்து. இனி எந்த மிஷினிலும் அவை ஓடப் போவதில்லை என்று தெரியும். இங்கே இருக்கும் பையனிடம் காட்டினேன். யார் சார் இவர் என்று கேட்டான், ஷிஃப்ட் முடிந்தும் போகாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் கேட்ட கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. டைரியில் வெண்கல புஷ் பக்கத்தில், அளவுகளை எல்லாம் மூன்று தசம இடம் வரை எழுதிவிட்டு, கடைசியில் 'சுவர் மெல்லிசா இருந்தா இன்னும் கொஞ்சம் விட்டுக் குடை' என்று எழுதி, 'கொஞ்சம்' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டு ஒரு எண்ணை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் உங்கள் 'கொஞ்சம்' எவ்வளவு அண்ணே? உங்கள் நம்பரை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அவனையும் கூட்டிக்கொண்டு டைரியோடு வருகிறேன்.