சிகரெட்டை விட்ட மகனுக்கு

அன்புள்ள கதிருக்கு,

பல் துலக்கும்போது இரத்தம் வருகிறது, சிகரெட் பிடித்த காலத்தில் இப்படி வந்ததே இல்லை என்று எழுதியிருந்தாய். அதைக் கண்டு மறுபடி சிகரெட்டைத் தொட்டுவிடாதே, கண்ணா. புகைப்பவர்களின் ஈறு உள்ளே கெட்டிருந்தாலும் எளிதில் இரத்தம் காட்டாது. மறைந்து கிடந்தது இப்போது வெளியே தெரிகிறது என்றே நினைக்கிறேன்.

என் கவலை, சிகரெட்டுக்குப் பதிலாக உன் கையில் இருக்கும் வேப் என்ற மின்சிகரெட் பற்றியது. இத்தனை வருடம் பல் மருத்துவராக இருந்தவள் சொல்கிறேன், கேள். பல்லைச் சுத்தம் செய்து முடித்த சில நிமிடங்களில் உமிழ்நீரிலுள்ள புரதங்கள் அதன்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. சில மணி நேரத்துக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ், கோர்டோனை போன்ற நல்ல பாக்டீரியாக்கள் அங்கே துண்டு போட்டு இடம் பிடித்துவிடும். அவை வெளிவிடும் ஹைட்ரஜன் பெராக்சைடு, சொத்தையை உண்டாக்கும் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவைத் தலையெடுக்க விடாது. வாய்க்கு இது ஒரு நல்ல காவல்.

சிகரெட் புகை இந்த நல்லவற்றின் வளர்ச்சியைக் கெடுக்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கெட்டவற்றுக்கு வழிவிடுகிறது. சுவை சேர்க்காத வேப் ஆவி அவற்றை அந்த அளவு பாதிப்பதில்லை என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. உன் கட்சிக்குச் சாதகமான இந்தச் செய்தியை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் மனிதர்களின் வாயில் பார்த்தபோது கதை வேறு. 2020-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர், ஈறு நோய் இல்லாத வேப் பயனாளர்களைப் பரிசோதித்தார்கள். ஈறு பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அதனடியில் இருந்த பாக்டீரியாக் கூட்டமோ முற்றிய ஈறு நோயாளிகளுடையதை ஒத்திருந்தது. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே நிலைதான். ஆவியை உண்டாக்கும் கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலுமே காரணம் என்று கருதினார்கள். நிகோடின் இல்லாத குப்பிக்கு மாறிவிடுகிறேன் என்று நீ சொல்வதில் எனக்கு நம்பிக்கை வராதது இதனால்தான்.

வேப் சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்று அங்குள்ள மருத்துவர்கள் சொல்வதை ஏற்கிறேன். சிகரெட்டிலிருந்து இறங்க அது படியாக இருக்கட்டும். அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிடாதே. நியூயார்க் பல்கலைக்கழகத்தினர் 1,204 அமெரிக்கர்களின் வாயை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவு எனக்குப் பெரிய ஆறுதல்: புகையை விட்டவர்களின் வாய் பாக்டீரியாக்கள், ஒருபோதும் புகைக்காதவர்களுடையதைப் போலவே இருந்தன. உன் வாயும் தேறும்.

இரத்தத்துக்குப் பயந்து கடுமையான மவுத்வாஷை நீயாக வாங்கிக் கொப்பளிக்காதே. அது நல்லவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும். இந்த வாரமே பல் மருத்துவரிடம் நேரம் வாங்கு. வேப் பிடிப்பதை ஒளிக்காமல் சொல். ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள ஆழத்தை ஒவ்வொரு பல்லிலும் அளக்கச் சொல். 3 மில்லிமீட்டர் வரை கவலையில்லை. 4, 5 என்று எங்கே வந்தாலும், அது எந்தப் பல் என்று குறித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா