‘நானும்’ என்று ஒரு வார்த்தை

அன்புள்ள முருகேசு,

கடிதம் கிடைத்தது. மூட்டுக்குத் தைலம் தேய்த்த கையோடு எழுதினாய் போல, தாளின் ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. மகள் ஏதோ பழைய ஜப்பான் பாட்டையே நாள் முழுக்கப் போட்டுக் காதைத் துளைக்கிறாள், அது என்ன பாட்டு என்று கேட்டிருந்தாய். நீ எழுதியிருந்த “மாயா நாகா”வை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். ‘மயோனாகா நோ டோஆ’. நள்ளிரவின் கதவு என்று பொருள். 1979இல் மிகி மட்சுபாரா பாடியது. 2020இல் திடீரென்று உலகம் முழுக்கச் சின்னப் பிள்ளைகள் அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பார்க்கத்தான் அவர் இல்லை, 2004இலேயே போய்விட்டார்.

நல்ல பாட்டுதான். ஆனால் இங்கே ஜப்பானில் அந்தக் காலத்து ஆட்கள் கையில் மைக் கிடைத்தால் பாடுவது வேறு. எங்கள் ஆபீசில் ஓய்வு பெற்ற சீனியர் ஒருவர் மாதம் ஒருமுறை என்னை ஒரு ‘ஸ்நாக்கு’க்கு இழுத்துக்கொண்டு போவார். எட்டு நாற்காலி போட்ட சின்ன பார். நடத்துகிற அம்மாளை ‘மாமா’ என்றுதான் கூப்பிட வேண்டும். முதல் தடவை எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கே சீனியர் தவறாமல் பாடும் பாட்டு ‘ட்சுகாரு காய்க்யோ ஃபுயுகெஷிகி’, ட்சுகாரு ஜலசந்தியின் குளிர்காலக் காட்சி. ஜப்பானின் பெரிய தீவையும் வடக்கே ஹொக்கைடோ தீவையும் பிரிக்கிற கடல் அது. 1977 ஜனவரி 1 அன்று இசைத்தட்டாக வந்தது. பாடிய சயூரி இஷிகாவாவுக்கு அப்போது வயசு 18. எழுதியவர் யூ அகு, இசை தகாஷி மிகி.

காதல் முறிந்த ஒரு பெண் ஊர் திரும்புகிறாள், அவ்வளவுதான் கதை. தோக்யோவின் உவேனோவில் ராத்திரி ரயில் ஏறி, பெரிய தீவின் வடகோடியில் இருக்கும் அஓமோரியில் இறங்குகிறாள். ஒரே பனி. வடக்கே போகிற கூட்டத்தில் யாரும் பேசவில்லை, கடல் இரைச்சலை மட்டும் கேட்டபடி நடக்கிறார்கள். இதுவரை அவளைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அதற்கப்புறம்தான் “நானும் தனியாக” என்று கப்பல் ஏறுகிறாள். ஜப்பானிய மொழியில் அது ‘வதாஷி மோ’. அந்த ‘மோ’ அப்படியே நம்ம ‘உம்’. ‘நான்’ என்று இருந்திருந்தால் இன்னொரு அழுகைப் பாட்டாகப் போயிருக்கும். ‘நானும்’ என்றதில் அந்த வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஏதோ ஒன்றைத் தொலைத்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்று ஆகிவிடுகிறது. இங்கிலீஷில் யாராவது சொல்லியிருந்தால் எனக்கு இது உறைத்திருக்காது. மெட்டும் அப்படித்தான். நம்ம திஸ்ர நடை மாதிரி, ஒரு தட்டுக்கு மூன்று மூன்றாக எழுத்துகள் விழும். ரயில் ஓடுகிற மாதிரியே இருக்கும்.

அந்தக் கப்பல் இப்போது ஓடுவதில்லை. ரயில் பெட்டிகளையே வயிற்றுக்குள் ஏற்றிக்கொண்டு அஓமோரியிலிருந்து எதிர்க்கரை ஹகோதாதே போக நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். 1954இல் புயலில் ‘தோயா மாரு’ என்ற கப்பல் மூழ்கி 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். சுரங்கப்பாதை வேண்டும் என்ற பேச்சு வலுத்தது அதிலிருந்துதான். கடலுக்கடியில் தோண்டி முடித்து 53.85 கிலோமீட்டர் சுரங்கத்தை 1988 மார்ச் 13 அன்று திறந்தார்கள். கப்பலும் அன்றோடு சரி. அடுத்த ஜனவரியில் பேரரசர் மறைய, அவர் ஆட்சிக்குப் பெயரான ஷோவா காலமும் முடிந்தது.

போன மாதம் சீனியரும் நானும் அங்கே போனோம். அஓமோரித் துறைமுகத்தில் அந்தக் கப்பல்களில் ஒன்றான ‘ஹக்கோதா மாரு’வை மியூசியமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அப்புறம் ‘தப்பி’ என்ற கடல் முனை. பாட்டின் இரண்டாம் சரணத்தில், முகம் தெரியாத ஒருவர் கப்பலிலிருந்து விரல் நீட்டி, அதோ வடக்கின் கடைசி என்று காட்டுகிற இடம். மூச்சு படிந்த ஜன்னலை அவள் துடைத்துப் பார்ப்பாள், மங்கலாகத்தான் தெரியும். அந்த விரல் நீட்டிய இடத்தில் நாங்கள் நின்றோம். காற்று என்றால் அப்படி ஒரு காற்று, சீனியரின் தொப்பி பறக்காமல் நான்தான் பிடித்துக்கொண்டேன். காலுக்குக் கீழே எங்கோ ஆழத்தில் அந்தச் சுரங்கம்.

அங்கே பாட்டுக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பாடும். சீனியர் மூச்சை இழுத்து, உவேனோ என்று ஆரம்பிக்கத் தயாராக நின்றார். அதுவோ ‘தப்பி’ முனை வருகிற இரண்டாம் சரணத்திலிருந்து தொடங்கிவிட்டது! மனுஷன் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு மறுபடி அழுத்தி, சரியான இடத்தில் சேர்ந்துகொண்டார். மூன்று தடவை பாடினோம். மூன்றாவதில் எனக்கும் அந்த ‘கிதா நோ ஹஸுரே’, அதான் ‘வடக்கின் கடைசி’, சுருதி சேர்ந்தது.

திரும்பும்போது ஷின்கான்சென், அதுதான் புல்லட் ரயில். தோக்யோவுக்கு மூன்று சொச்சம் மணி நேரம்தான். உட்கார்ந்த உடனே சீனியர் தூங்கிவிட்டார்.

உன் மகளுக்கு இந்தப் பாட்டை ஒருமுறை போட்டுக் காட்டு, பிடிக்காது என்பாள், விடு. தைலத்தை நம்பி உட்காராமல் மூட்டை டாக்டரிடம் காட்டு. பொங்கலுக்கு வருகிறேன், லீவு சொல்லியாகிவிட்டது.

அன்புடன்,
செல்வம்