வசூலுக்கு வந்த போன் கணக்கும் சொல்லட்டும்

தமிழ்நாட்டில் குழுக்கடன் கொடுக்கும் நுண்நிதி நிறுவனங்களின் தலைமை அலுவலகத்தாருக்கு,

வணக்கம். விண்ணப்பம், ஆதார் சரிபார்ப்பு, ஓடிபி, தவணை எல்லாமே டேப்லெட்டுக்கும் போனுக்கும் வந்துவிட்டன. ஆனால் கடன் வாங்கியவரின் போனுக்கு என்ன வருகிறது என்று பார்த்தீர்களா? பலருக்கு ஒன்றுமே வருவதில்லை. சிம் கணவர் பெயரில், வங்கிக் கணக்கில் இருப்பதோ மகனுடைய எண். தப்பித்தவறி வரும் குறுஞ்செய்தியும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

ஆங்கிலம் ஏன் என்பது எங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 குறிகள் கொள்ளும், தமிழில் 70தான். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி. 'கட்டியது' என்று எழுதினால் எட்டுக் குறி போய்விடும். எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்திக்கான காசு. ஆனாலும் முடியும்:

"கட்டியது 2115. அசல் பாக்கி 33157. தவணை 5/24. அடுத்தது 12-ம் தேதி."

எண்ணிப் பாருங்கள், 65 குறி. நிறுவனத்தின் பெயரையும் சேர்க்க வேண்டுமென்றால் இரண்டாவது துண்டுக்குப் போகட்டும். போவது சில பைசா.

இதில் முக்கியமானது 'அசல் பாக்கி'. 40,000 ரூபாய், குறையும் பாக்கிக்கு ஆண்டுக்கு 24 சதவீதம், 24 மாதம் என்றால் தவணை 2,115. முதல் மாதத் தவணையில் 800 வட்டிக்குப் போகும், 1,315தான் அசலில் கழியும். ஐந்து தவணை முடிந்தால் அவர் கட்டியது 10,575. அசலில் குறைந்தது 6,843. அவர் மனக்கணக்கில் பாக்கி 29,425, உங்கள் கணினியில் 33,157. பழைய கடனை முடித்துப் புதுக்கடன் எடுக்கும் நாளில்தான் இந்த வித்தியாசம் தெரியவரும். குழுவினர் கூடும் சென்டர் மீட்டிங்கில் 'பதிமூணு பர்சன்ட்தான்' என்று, பாக்கி குறைந்தாலும் முழுக் கடனுக்கும் வட்டி போடும் நேர்வட்டிக் கணக்கில் சொல்லி வைப்பதால் சண்டை இன்னும் பெரிதாகிறது. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி நுண்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. ஆனால் பாக்கி எவ்வளவு என்று தெரியாதவர் எப்படி அடைப்பார்?

அடுத்தது, வசூலுக்கு வருபவரின் சொந்த ஜிபே எண். 'அக்கா, என் நம்பருக்குப் போட்டுடுங்க, நான் கட்டிடறேன்.' ஆள் வேலையை விட்டுப் போனதும் அந்தத் தவணை கட்டாத தவணையாகி, சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்திலும் பதிவாகிறது. 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பதால், தவறும் இப்போது வேகமாகப் போய்ச் சேரும். கடன் எண்ணோடு இணைத்த கியூஆரை லோன் கார்டிலேயே அச்சிடுங்கள். மடிப்பில் மட்டும் வேண்டாம். கார்டு நான்காக மடிந்து சுருக்குப்பையில் கிடக்கும், மடிப்பில் விழுந்த கியூஆரை ஸ்கேன் செய்வது கடினம். பட்டன் போன்காரர்களுக்கு 2022இல் வந்த யூபிஐ 123பே இருக்கிறது: ஒரு எண்ணுக்குக் கூப்பிட்டு, பொத்தானை அழுத்திப் பணம் அனுப்பலாம். அதை உங்கள் ஊழியர்களே சொல்லித் தருவதில்லை.

அந்தக் கியூஆர் துண்டுத் தொகையையும் ஏற்க வேண்டும். பூக்கட்டுபவருக்கும் இட்லிக்கடைக்காரருக்கும் காசு தினமும்தான் வருகிறது. 200, 300 என்று கட்டிவர வழியிருந்தால் தவணை நாளில் கந்துவட்டிக்காரரைத் தேட வேண்டாம். முழுத் தவணையை மட்டும் வாங்கும் மென்பொருள்தான் இங்கே தடை.

தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோ டெபிட்டை எல்லோருக்கும் ஒரே தேதியில் வைக்காதீர்கள். பணம் இல்லாமல் திரும்பினால் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், மறுபடி போட்டால் இன்னொன்று. மகளிர் உரிமைத் தொகை கணக்கில் விழுந்ததுமே இந்தக் கட்டணங்களுக்குப் போய்விட்டால் அது யாருக்கு வந்த தொகை? தேதியை அவரே சொல்லட்டும், மாற்றவும் விடுங்கள்.

வருமானப் பதிவையும் அவருக்குக் காட்டுங்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத்தான் நுண்கடன். எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. மாதம் 12,000 வரும் வீட்டில் வரம்பு 6,000. டேப்லெட்டில் அதை 20,000 என்று தட்டிவிட்டால் வரம்பு 10,000 ஆகிவிடும், மூன்றாவது கம்பெனியும் கடன் கொடுக்கும். பதிவாகும் தொகையை ஓடிபி கேட்கும் அதே செய்தியில் தமிழில் எழுதுங்கள்: 'உங்கள் வீட்டு மாத வருமானம் 20000 எனப் பதிவாகிறது.' அதைப் படித்த பிறகு ஓடிபி எண்ணைச் சொல்வதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார்.

கடைசியாக, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவரைக் கூப்பிடக்கூடாது என்ற விதி, தானாக டயல் செய்யும் உங்கள் இயந்திரத்துக்கும் பொருந்தும். அதன் கடிகாரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குழுக்களுக்குக் கணக்கு எழுதித் தருபவர்கள்